நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த தேனீ

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் ஒளிந்து படிக்க வேண்டாம். சாயந்திரம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். 1988-இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்கள் வகுப்பில் நடந்த ஒரு தப்பைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் இரண்டு வருடம் அறிவியலும் என் தலையில் விழுந்தது. தேனீ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ராணித் தேனீ, வேலைக்காரத் தேனீ, ஆண் தேனீ என்று மூன்று படம் போட்டு, "தேனீக்கள் கூட்டமாகத்தான் வாழும், தனியாக வாழாது" என்று கரும்பலகையில் எழுதினேன். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் இருந்த பையன் கையைத் தூக்கினான்.

"சார், தேனீ மண்ணுக்குள்ள வீடு கட்டும் சார். தனியாத்தான் இருக்கும். எங்க தோட்டத்துல பாத்திருக்கேன்."

"தேனீ எங்கல மண்ணுக்குள்ள இருக்கு? அது குளவியா இருக்கும்."

"இல்ல சார், காலு பூரா மஞ்சப் பொடி அப்பியிருந்துச்சு."

வகுப்பு சிரித்தது. எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. மணி அடிக்கிறவரை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டேன். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் கை தூக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

போன தை மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரிச் செடி நன்றாகப் பூத்திருந்தது. காலையில் தண்ணீர் விடும்போது ஒரு ரீங்காரம் கேட்டது. சாதாரணமாக வண்டு பறக்கும் சத்தம் இல்லை. விட்டு விட்டு, வெடுக் வெடுக்கென்று, பல் மருத்துவரின் மெஷின் மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஒரு சின்னத் தேனீ. உடம்பு கருப்பு, வயிற்றில் எனாமல் பூசியது போலப் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் பட்டைகள். பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு உலுக்கியது. பிறகு பறந்து போய்க் காம்பவுண்டு சுவர் ஓரம் வெறும் தரையில் இறங்கிக் காணாமல் போய்விட்டது. போய்ப் பார்த்தேன். பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி குட்டியாக மண் குவியல். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தேனீ வந்து பக்கத்து ஓட்டைக்குள் போனது. அதன் பின்னங்கால் பூராவும் மஞ்சள் பொடி.

அப்போதுதான் அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்தது. குளவி பிள்ளைக்குப் புழுவையோ சிலந்தியையோ கொண்டுவந்து கொடுக்கும். காலில் மகரந்தம் அப்பிக்கொண்டு மண்ணுக்குள் போகிறது என்றால் அது தேனீ. பையன் சொன்ன சாட்சியம் சரியாக இருந்தது. அதைக் காதில் வாங்காதவன் நான்.

விவசாயக் கல்லூரியில் படிக்கும் என் பேத்திக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தாத்தா, இது நோமியா கூட்டத்தைச் சேர்ந்தது. ஹாப்லோனோமியா வெஸ்ட்வூடியா இருக்கலாம். ஆனா படத்தை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள். அவளுடைய கல்லூரியில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்றிலிருந்து ஆறு மாதமாக இதைப் பற்றித்தான் படிக்கிறேன். வரலாற்று வாத்தியார் ஆனதால் பூச்சியை விட்டுவிட்டு, பூச்சியைப் பார்த்தவர்களின் கதைக்குள் போய்விட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. இந்தியாவில் மட்டும் எழுநூறுக்கு மேல். நமக்குத் தெரிந்த மலைத்தேனீ, பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் சேர்ந்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதியில் பெரும்பாலானவை ராணியும் இல்லாமல் படையும் இல்லாமல் தனியாக வாழ்கிறவை. அவற்றிலும் பெரும்பகுதி மண்ணுக்குள் வீடு கட்டுகிறவை. "தேனீக்கள் கூட்டமாகத்தான் வாழும்" என்று நான் எழுதிப்போட்டது, மனிதர்கள் எல்லோரும் அரண்மனையில்தான் வாழ்கிறார்கள் என்று சொன்ன மாதிரி.

இந்தத் தாய்த் தேனீயின் ஆயுசு சில வாரங்கள்தான். அதற்குள் தன்னந்தனியாகச் சுரங்கம் தோண்டி, பக்கவாட்டில் சின்னச் சின்ன அறைகள் செய்து, ஈரம் உள்ளே வராதபடி சுவரில் தன் உடம்பிலிருந்து வரும் பசையைப் பூசுகிறது. மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை செய்து வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இட்டு, அறையை மண்ணால் மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். புழு அந்த உருண்டையைத் தின்று வளர்ந்து மண்ணுக்குள்ளேயே காலம் வரும்வரை காத்துக் கிடக்கும். பெரும்பாலும் தாய் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நாம் எடுத்துச் சாப்பிடுவதற்குத் தேனும் சேர்ப்பதில்லை. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆனால் காவல் காக்கக் கூட்டம் எதுவும் இல்லாததால் நம்மைத் துரத்தி வருவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும், அவ்வளவுதான்.

அந்த வெடுக் வெடுக் சத்தத்துக்கும் காரணம் உண்டு. கத்தரிப்பூவின் மஞ்சள் குழல்களில் மகரந்தம் உப்பு டப்பாவுக்குள் இருப்பது போல இருக்கும். நுனியில் மட்டும் சின்னத் துளை. தேனீ அதைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். பொடி கொட்டும். தேன் கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிக்காய் இது இல்லாமலும் கொஞ்சம் காய்க்கும், காற்று அசைத்தாலே சிறிது உதிரும். ஆனால் அதிர வைக்கிற தேனீ வந்தால் காய்ப்பு கூடும். தக்காளி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி எல்லாம் இதே டப்பாக் குடும்பம். நம் ஊரைச் சுற்றித் தரிசில் எல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரைக்கும் அதே மாதிரி துளை வைத்த குழல்தான். எங்கள் ஆச்சி தூதுவளை பறிக்கும்போது "இதுல ஒரு ஈ முரண்டு பிடிச்சு முக்கும்" என்று சொல்வாள். முக்குகிறது என்பதுதான் சரியான சொல். இன்றுவரை அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வரலாறு.

நம் பழம்பாட்டுக்காரர்கள் இந்தப் பூச்சிகளை ஒரே பெயரில் அடைக்கவில்லை. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று தனித்தனிச் சொற்கள் சங்கப் பாடல்களில் வருகின்றன. திருவிளையாடலில் தருமிக்குக் கிடைத்த பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு. அது தும்பியிடம் கேட்கும் கேள்விதான். தொல்காப்பியர் தும்பியை நாலறிவு உயிர்களில் சேர்த்தார். செவியறிவு ஒன்றுதான் அதற்கு இல்லை. இத்தனை பெயர் வைத்திருந்த நாம் பாடப்புத்தகத்துக்கு வரும்போது "தேனீ" என்ற ஒன்றோடு நிறுத்திவிட்டோம். நானும்தான்.

ஐரோப்பியர்கள் பெயர் வைக்கத் தொடங்கிய கதையில் நம் கடற்கரை ஒன்று வருகிறது. தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த ஊர். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் மாணவர் யோஹான் கேர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே மிஷன் மருத்துவராக வந்தார். செடி, பூச்சி எல்லாம் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவருக்குப் பிறகு டால்டோர்ஃப் என்பவரும் அங்கிருந்து அனுப்பினார். லின்னேயஸின் இன்னொரு மாணவர் ஃபாப்ரீசியஸ் ஐரோப்பாவில் உட்கார்ந்து பெயர் சூட்டினார். நம் கொம்புத்தேனீக்கு 1787-இலும், மலைத்தேனீக்கும் பொந்துத்தேனீக்கும் 1793-இலும் அறிவியல் பெயர் வைத்தவர் இவர்தான். கூட்டமாக வாழும் நம் தேனீக்கள் அப்போதே உலகப் பதிவேட்டில் ஏறிவிட்டன. என் கொல்லைத் தேனீக்கு, அது பேத்தி சொன்ன இனமாகவே இருந்தால், 1894 வரை பெயர் கிடையாது. கிரிபோடோ என்ற இத்தாலியர் வைத்தார். அவர் போட்டதும் வெஸ்ட்வுட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரின் பெயர். மூன்று வருடம் கழித்து, 1897-இல், பிங்காம் என்ற பட்டாளத்து அதிகாரி இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் சேர்த்துக் குளவிகள், தேனீக்கள் பற்றி ஒரு பெரிய தொகுதி எழுதினார். செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்து, இறக்கை நரம்பும் முடியும் பார்த்து எழுதிய புத்தகம். அது எங்கே வீடு கட்டும், எப்படிப் பிள்ளை வளர்க்கும் என்பதற்கு அந்த முறையில் இடம் குறைவு.

பிறகு அரசாங்கம் வந்தது. அரசாங்கத்துக்கு எதற்கும் ஒரு பயன் வேண்டும். கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரி வந்த பிறகு, 1914-இல் பெயின்பிரிக் ஃபிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே "பொருளாதாரக் கண்ணோட்டத்தில்" என்று இருக்கிறது. 1940-இல் டி.வி.ராமகிருஷ்ண ஐயர் எழுதிய கையேடும் அந்த வழியில்தான். பயிரைத் தின்றால் எதிரி, தேன் தந்தால் நண்பன். தேன் தந்த நண்பனுக்கு மரியாதை தடபுடலாகவே நடந்தது. 1910-களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் பொந்துத்தேனீக்கு ஏற்ற அளவில் பெட்டி செய்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் ஒய்.எம்.சி.ஏ. மூலம் தேன் வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக்கினார். மார்த்தாண்டம் தேன் என்று நாமும் வாங்கிச் சாப்பிடுகிறோமே, அது. நான் குறை சொல்லவில்லை. பல குடும்பம் அதில் பிழைத்தது. ஆனால் தேனும் தராமல் பயிரையும் தின்னாமல் இருக்கும் ஒரு பூச்சியைப் பார்க்க யாருக்கும் சம்பளம் இல்லை.

ஒருவர் விதிவிலக்கு. அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பி.சூசை நாதன். காரைக்கால் பக்கம் குரும்பகரம் என்ற ஊரிலும் கோயம்புத்தூரிலும் ஆனைமலை, நீலகிரிப் பக்கங்களிலும் பூச்சி சேகரித்தவர். பூச்சி சேகரித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்புவதையே பிழைப்பாக வைத்திருந்தார். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா அருங்காட்சியகங்களில் இன்றும் பூச்சிப் பெட்டியைத் திறந்தால் "குரும்பகரம், பி.எஸ்.நாதன்" என்று பொடி எழுத்தில் சீட்டு இருக்கும். நாதனி என்று அவர் பெயரைத் தாங்கும் பூச்சி இனங்கள் பல. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கு இந்த வருடம்தான் தெரியும். முப்பத்திமூன்று வருடம் வரலாறு நடத்தியிருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மண்ணுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர் வந்தார். அமெரிக்கப் பெண்மணி சூசன் பத்ரா. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிச்சனர் என்ற பெரிய தேனீ அறிஞரிடம் படித்தவர். பூவின் குழலைத் தேனீ எப்படி அதிர வைத்துப் பொடி எடுக்கிறது என்று 1962-இல் எழுதியவர்களில் ஒருவர் அந்த மிச்சனர். சூசன், லேக் ராஜ் பத்ரா என்ற இந்தியப் பூஞ்சை அறிஞரைக் கல்யாணம் செய்துகொண்டவர். இந்தியாவில் மண்ணுக்குள் வாழும் சின்னத் தேனீக்களின் கூடுகளைத் தோண்டி, அறை அறையாகப் பார்த்து எழுதினார்.

அவர் கண்டது இது. மண் தேனீக்கள் எல்லாம் ஒரே மாதிரி வாழவில்லை. சில முழுக்கத் தனி. சிலவற்றில் பல தாய்கள் ஒரே வாசலைப் பகிர்ந்துகொண்டு, உள்ளே ஆளுக்கு ஓர் அறை. நம் ஊர்ப் பழைய வளவு வீடு மாதிரி. வேறு சிலவற்றில் தாய் சாகாமல் இருந்து, வளர்ந்த மகள்களோடு சேர்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு அடுத்த பிள்ளைகளை வளர்க்கிறது. இந்தக் கடைசி வகை வாழ்க்கையைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. 1966-இல் அவர் ஒரு புதுச் சொல் போட்டார். யூசோஷியல். முழுமையான சமூக வாழ்வு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரை வந்தது லண்டன் பத்திரிகையிலோ நியூயார்க் பத்திரிகையிலோ இல்லை. நம் நாட்டு இந்தியன் ஜர்னல் ஆஃப் என்டமாலஜியில். தலைப்பே இந்தியாவின் ஹாலிக்டைன் தேனீக்களின் கூடுகளும் சமூக நடத்தையும் என்பதுதான். என் கொல்லைத் தேனீயின் சொந்தக்காரக் குடும்பம் அது. நோமியா வகைகளைப் பற்றியும் அதே வருடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் தனியாக எழுதினார்.

1969-இல் மிச்சனர் தன் மாணவி போட்ட சொல்லை எடுத்து விரித்தார். 1971-இல் எட்வர்ட் வில்சன் பூச்சிச் சமூகங்கள் பற்றிய தன் பெரிய புத்தகத்தில் எறும்பு, கறையான், குளவி எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்தினார். 1981-இல் தென்னாப்பிரிக்காவின் ஜெனிஃபர் ஜார்விஸ், ஆப்பிரிக்க மண்ணுக்குள் வாழும் முடியில்லாத எலி ஒன்றும் அப்படித்தான் வாழ்கிறது என்று காட்டினார். ராணி எலி, வேலைக்கார எலி! இன்று உயிரியல் படிக்கிற எந்த நாட்டுப் பிள்ளையும் அந்தச் சொல்லைப் படிக்காமல் தாண்ட முடியாது. உயிர்கள் சமூகமாகக் கூடுவதன் உச்சத்துக்கு வைத்த பெயர், இந்திய மண்ணில் ஓட்டை போட்டு வாழும் தேனீக்களைத் தோண்டிப் பார்த்த கையிலிருந்து வந்தது. அது அச்சாகி இருபத்திரண்டு வருடம் கழித்து, அதே நாட்டில், மண்ணுக்குள் தேனீயே கிடையாது என்று ஒருவன் ஒரு பையனைப் பெஞ்சு மேல் ஏற்றினான்.

எனக்கு நானே ஒரு சமாதானம் தேடினேன். பாடப்புத்தகத்தில் இல்லை, பத்திரிகை கைக்கு வராது, சங்கரன்கோவிலில் அதெல்லாம் எங்கே கிடைக்கும்? எல்லாம் சரி. ஆனால் பத்திரிகை தேவையே இல்லையே. பள்ளிக்கூட வாசலிலிருந்து பத்து நிமிடம் அவனோடு நடந்து போய் அந்தத் தோட்டத்தைப் பார்த்திருக்கலாம். பிரான்ஸில் ஃபாபர் என்று ஒருவர் இருந்தார். அவரும் பள்ளி ஆசிரியர்தான். காசு இல்லாத மனிதர். தரையில் குப்புறப் படுத்துக் குளவியையும் மண் தேனீயையும் பார்த்து 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதி எழுதினார். நான் பத்து நிமிடம் நடக்கவில்லை.

இதைவிட ஆச்சரியமான ஒரு சங்கதி அமெரிக்காவில் நடந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் டச்செட் என்ற ஊர்ப் பக்கம் குதிரைமசால் விதை பயிரிடுகிறார்கள். மாட்டுத் தீவனத்துக்குப் போடுவோமே, அது. அந்தப் பூவைத் திறக்கத் தேனீ வேண்டும். வளர்ப்புத் தேனீ அந்தப் பூவிடம் ஒரு அடி வாங்கியதும் பயந்து பக்கவாட்டில் திருடக் கற்றுக்கொள்ளும். உவர் மண்ணில் ஓட்டை போட்டு வாழும் நோமியா ஒன்று அந்த வேலையைச் சலிக்காமல் செய்கிறது. நம் கொல்லைத் தேனீக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வையுங்கள். அங்கே விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பயிர் வைக்கக்கூடிய நிலத்திலேயே ஒரு பகுதியை வெறும் தரையாக விட்டு, அடியில் குழாய் பதித்து ஈரம் கொடுத்து, மேலே உப்புத் தூவி, தேனீக்காகவே பாத்தி கட்டினார்கள். பல தலைமுறையாக அதைக் காப்பாற்றுகிறார்கள். தேனீ குறுக்கே பறக்கும், மெதுவாகப் போங்கள் என்று ரோட்டில் பலகை வேறு. தரிசு என்று நாம் முகம் சுளிக்கிற மண்ணுக்கு அங்கே தோட்டக்காரன் உண்டு.

மண்ணை மதிக்கத் தெரியாத ஊர் இல்லை நம் ஊர். கோமதியம்மன் கோயிலில் புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆடித்தபசுக்கு வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் இப்போதும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டுதான் போகிறீர்கள்.

ஆனால் வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் தெரிந்தால் நமக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டிலேயே சண்டை. சித்திரையில் மகன் சென்னையிலிருந்து வந்தபோது, கொல்லை முழுவதும் பேவர் பிளாக் பதிக்க ஆள் பேசிவிட்டான். அப்பா வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்ற அக்கறை, அவன் மேல் தப்பில்லை. நான் சுவர் ஓரத்து ஓட்டைகளைக் காட்டினேன். அன்றைக்குப் பதினேழு ஓட்டை இருந்தது. "கல்லு பதிச்சா உள்ள இருக்கிற புழு எல்லாம் எப்படிப்பா வெளிய வரும்?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் அன்று அந்தப் பையனைப் பார்த்த பார்வை மாதிரியே இருந்தது. வீட்டம்மா அவன் கட்சி. மண் கிடந்தால் பூரான் வரும் என்றாள். கடைசியில் பேரம் பேசி எட்டடிக்கு நாலடி தப்பியது. அதைக் கொத்தக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது, தண்ணீர் தேங்கவிடக்கூடாது. நடைபாதையில் கல் பதித்தாகிவிட்டது. நானும் கைத்தடி வழுக்காமல் அதில்தான் நடந்து போய்ப் பார்க்கிறேன்.

இன்று காலை எண்ணிப் பார்த்தேன். பதினொரு ஓட்டைதான் இருக்கிறது. கல் பதித்ததால் குறைந்ததா, பருவத்தால் குறைந்ததா, அடுத்த தையில்தான் தெரியும். நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன்.

இனி அந்தப் பையன் விஷயம். பெயரை இங்கே போடவில்லை, அவன் சம்மதம் இல்லாமல் போடுவது முறையில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். பத்தாம் வகுப்பு முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான் என்று மட்டும் கேள்விப்பட்டேன். யாரிடமாவது அவன் எண் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவன் இதைப் படித்தால், தம்பி, நீ பார்த்தது தேனீதான். அந்தத் தோட்டத்தில் எந்தப் பக்கம், எந்த மாதம், எத்தனை ஓட்டை பார்த்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும். என் நோட்டில் முதல் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.